விழிப்பு முன்னனுமதி

தூங்காதவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் இடமில்லை என்பது கோ வென்துங்குக்கு வாசலிலேயே தெரிந்துபோயிற்று.

"ஷூவைக் கழட்டிடுங்க. போனை அணைச்சிடுங்க. தும்மல் வந்தா ரோட்டுக்குப் போய்த் தும்மிட்டு வாங்க," என்று கிசுகிசுத்தாள் வரவேற்பு மேஜையில் இருந்த மிஸ் ஃபூ. "உள்ளே இருநூத்திப் பதினோரு பேர் தூங்கறாங்க."

"பேரா?"

"கருவிங்கதான் சார். ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

வென்துங் ஷூவைக் கழற்றினான். இடது காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மிஸ் ஃபூ அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் ஒரு படிவத்தை நீட்டினாள். பதினாறு பக்கம். முதல் கேள்வி: 'உங்கள் தளம் நிம்மதியாகத் தூங்குமா?'

தாய்வானின் சின்ச்சூ நகரில், கணினிச் சில்லு ஆலைகளுக்குப் பின்னால், ஒரு கிளைச் சாலையின் முடிவில் இருந்தது தேசிய உறக்கத் தர நிலையம். பெயரைக் கேட்டு யாரும் அதை ஆஸ்பத்திரி என்று எண்ணிவிடக் கூடாது. ஆற்றில் நீர்மட்டம் பார்க்கிற கருவி, பாலத்து விரிசலை அளக்கிற கருவி, சமையலறையில் காஸ் மோப்பம் பிடிக்கிற கருவி என்று சுண்டைக்காய் மூளையோடு நாடெங்கும் லட்சக்கணக்கில் கருவிகள் உண்டு. அவை கம்பியில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள உள்ளே ஒரு மென்பொருள் தளம் தேவை. தளம் இலகுவாக இருக்க வேண்டும். பேட்டரி ஐந்து வருடம் உழைக்க வேண்டுமானால் கருவி எந்நேரமும் தூங்க வேண்டும். ஏதாவது நடந்தால் விழித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும்.

பொறியியல் சொல்வது இவ்வளவுதான். இதில் தூங்குகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நிலையம் பன்னிரண்டு வருடமாக ஆராய்ந்து வந்தது.

வென்துங்குக்கு நாற்பத்தொரு வயது. மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையின் மாடியில் மூன்று பேர் மட்டுமே உள்ள கம்பெனி. அவன் எழுதிய தளத்தின் பெயர் 'எள்'. மொத்தம் ஒன்பது கிலோபைட். ஒரு செல்போன் புகைப்படத்தில் ஒரு காது அளவுகூட வராது. நாந்தோ மலையில் ஹேய்கெங் என்ற குடியிருப்புக்கு மேலே, சரிவில், அந்த எள் குடியிருக்கும் முப்பத்தாறு முளைகளை அவன் அடித்து வைத்திருந்தான். மண் ஒரு விரற்கடை நகர்ந்தால் முளை விழிக்கும். விழித்தால் அபாயச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் கீழே பதினொரு வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடத்துக்கு ஓடலாம்.

ஊதும் என்பது திட்டம். உறக்கச் சான்றிதழ் இல்லாத கருவியைச் சங்கோடு இணைக்க மாட்டோம் என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் சொல்லிவிட்டது. இப்போது மே மாதம். ஜூலையில் புயல்கள் வரிசை கட்டும்.

பதினொன்றில் நாலாவது வீடு அவனுடைய அக்கா யுவேசின் வீடு.

*

எழுபத்திரண்டு மணி நேரச் சோதனை. 'எள்' ஏற்றிய ஒரு கருவியை வெல்வெட் திண்டின்மேல் வைத்து, மற்ற இருநூற்றுப் பதினோரு கருவிகளோடு இருட்டறையில் படுக்க வைத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வென்துங் காத்திருந்தான்.

முதல் நாள் நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் நாள் காலை பதினொன்றரைக்குத் தரை ஆடியது.

சின்ன நிலநடுக்கம்தான். தாய்வானில் இதற்கெல்லாம் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். மிஸ் ஃபூவின் தேநீர்க் கோப்பை மேஜையின் விளிம்புவரை நடந்து போய் நின்றது. அவள் அதை இழுத்து வைத்தாள்.

அறைக்குள் ஒரே ஒரு பச்சை விளக்கு மினுக்கியது.

எள் விழித்துவிட்டது. 'நிலம் நகர்ந்தது' என்று ஒரு வரி அனுப்பியது. அனுப்பிவிட்டு உடனே தூங்கிவிட்டது. மொத்தம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. எள் என்றால் எண்ணெயாக வந்து நின்ற அந்த வேகத்தைப் பார்த்து வென்துங் புளகாங்கிதம் அடைந்தான்.

பத்து நிமிடத்தில் முடிவு வந்தது. 'தோல்வி. காரணம்: காரணமற்ற விழிப்பு.'

"காரணமில்லாமலா? நிலநடுக்கம் வந்துச்சேம்மா! உங்க கோப்பையே நடந்துச்சே!"

மிஸ் ஃபூ உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாதீங்க சார். நிலநடுக்கம் வானிலைத் துறை விஷயம். அதுக்கு நாங்க பொறுப்பில்லை. அதே அறையில, அதே ஆட்டத்துல, மத்த இருநூத்திப் பதினோரு பேரும் அசங்காமத் தூங்கினாங்க. உங்க பையனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அதுல ஒண்ணாவது விழிச்சிருக்க வேண்டாமா?"

"அப்படி விழிச்சா அது இங்க இருக்காதே சார்."

பன்னிரண்டரைக்கு விளக்குகள் அணைந்தன. மதிய உறக்கம். சோற்றுப் பெட்டிகளை மூடி வைத்துவிட்டு நிலையத்தின் எழுபது ஊழியர்களும் ஒரே அசைவில் மேஜைமேல் கவிழ்ந்தார்கள். ஊரிலுள்ள எல்லா ஆபீஸிலும் இந்த ஒரு மணி நேரம் உண்டு. வென்துங்கே தன் மாடியில் அரை மணி கண் அசருகிறவன்தான். ஆனால் இங்கே அது வேறு மாதிரி இருந்தது. எழுபது பேரின் மூச்சும் ஒரே சமயத்தில் ஏறியது, ஒரே சமயத்தில் இறங்கியது.

இருட்டில் நின்றபடி அவன் போனை முடுக்கினான். அக்காவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்து கிடந்தது.

"தம்பி, ஆடிச்சே, தெரிஞ்சுதா? உன் குச்சிங்க ஒண்ணும் சொல்லலை. கோழி ஏறி உக்காரத்தான் லாயக்கு. அது கிடக்கட்டும். இஞ்சிக் காட்டுக்கு மேல இருக்கிற மூங்கில் எல்லாம் கீழ பாத்து குனியுது. போன வருஷம் நிமிர்ந்து நின்னுச்சு. நீ வந்து ஒரு தடவை பாரேன்."

*

மேல்முறையீட்டை இயக்குநர் லியாவ் நேரில் விசாரித்தார். மெதுவான மனிதர். அவர் கதவைத் திறந்தால்கூடக் கீல் விழித்துக்கொள்ளாது. தோளில் பயணத் தலையணை. அது அவருடைய பதவிச் சின்னம்போல எப்போதும் அங்கேயே இருந்தது.

"உக்காருங்க, கோ இன்ஜினியர். ஊலாங் டீ குடிக்கிறீங்களா? குடிக்காதீங்க, தூக்கம் போயிடும்." அவரே சிரித்துக்கொண்டார். "நாம ஆரம்பிச்ச வருஷம் இந்த நாட்டுக் கருவிங்க சராசரியா நூத்துக்குத் தொண்ணூத்தேழு பங்கு நேரம்தான் தூங்கிட்டிருந்துச்சு. வெளிநாட்டு மாநாட்டுல தலை நிமிர முடியலை. இன்னிக்கு? தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது. உலகத்துலயே நாமதான் ரெண்டாவது."

"முதல்ல யாருங்க?"

"ஒரு தீவு நாடு. அங்க கருவியே கிடையாது." அவர் முகம் வாடியது. "அவங்களைத்தான் எப்படி மிஞ்சறதுன்னு யோசிச்சிட்டிருக்கோம்."

பின்னால் கண்ணாடி அலமாரியில் தங்கப் பதக்கத்தோடு ஒரு படம் இருந்தது. பாலத்தடியில் வெள்ளம் பார்க்கிற கருவி.

"போன வருஷத் தங்கம்," என்றார் லியாவ். குரல் தழுதழுத்தது. "பதினாலு மாசமா ஒரு தடவைகூட விழிக்கலை. நடுவுல ரெண்டு வெள்ளம் வந்துச்சு. ம்ஹும்."

"ஐயா, அது உயிரோட இருக்கா?"

இயக்குநர் அவனை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உயிரோட இருக்கான்னு பாக்கணும்னா அதை எழுப்பணும். எழுப்பினா பதக்கம் போயிடும். நீங்களே சொல்லுங்க, யாராவது எழுப்புவாங்களா?"

வென்துங் முளைகளைப் பற்றிச் சொன்னான். மூங்கிலைப் பற்றிச் சொன்னான். பதினொரு வீட்டைப் பற்றிச் சொன்னான். நாலாவது வீட்டைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. எங்கோ பக்கத்து அறையில் யாரோ 'ஷ்ஷ்' என்றார்கள்.

லியாவ் கண்களை மூடி முழுவதையும் கேட்டார். அல்லது மூடியிருந்தார்.

"எங்களுக்கும் இதயம் இருக்கு, கோ இன்ஜினியர். கருவி விழிக்கவே கூடாதுன்னு நாங்க சொல்லலை. தன்னிச்சையா விழிக்கக் கூடாதுன்னுதான் சொல்றோம். இதுக்குன்னே ஒரு வழி வச்சிருக்கோம். விழிப்பு முன்னனுமதி. உங்க முளைக்கு விழிக்கணும்போல இருந்தா, எங்களுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பட்டும். மூணு மேஜை பாத்து முத்திரை வச்சதும் சங்கு தானா ஊதும். சட்டப்படியான விழிப்பு. உறக்கக் கணக்குல சேராது."

"விண்ணப்பம் அனுப்பறதுக்கே அது விழிக்கணுமேங்க?"

"அது விழிப்பு இல்லை. புரண்டு படுக்கிறது."

"மூணு மேஜை தாண்டறதுக்கு எத்தனை நேரம் ஆகும்?"

"அவசரம்னா அதே வேலைநாள்ல."

அவசரம் என்பதை நிரூபிக்க இன்னொரு படிவம் இருந்தது. விண்ணப்பம் அனுப்பும் துணைத் தளத்தை நிலையமே கொடுத்தது. நாற்பத்தொரு கிலோபைட். ஒன்பது கிலோபைட் எள்ளுக்குள் அதை இறக்கிய அன்று, மாமியாரும் அவள் தங்கைகளும் ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்து இறங்கியதுபோல் வென்துங்குக்கு இருந்தது. பேட்டரியின் ஆயுள் ஐந்து வருடத்திலிருந்து பதினொரு மாதமாயிற்று. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் சான்றிதழ் வந்தது. ஓரத்தில் தூங்கும் பூனையின் படம். மாவட்ட ஆட்கள் வந்து, மண் தெய்வத்தின் சின்னக் கோயிலுக்குப் பக்கத்தில் கம்பம் நட்டுச் சங்கைப் பொருத்திவிட்டுப் போனார்கள்.

"வந்துடுச்சு தம்பி," என்றாள் அக்கா போனில். "உங்க அத்தான் அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறாரு. சாமின்னு நினைச்சிட்டாரு போல."

*

ஜூலை பத்தொன்பது. புயல்கூட இல்லை; அதன் வால். மூன்று நாளாக மழை.

பகல் பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு வென்துங்கின் திரையில் ஒரு வரி வந்தது. 'முளை 7: விழிக்க அனுமதி கோருகிறது.' சோற்றுப் பெட்டியில் பாதி முட்டை அப்படியே இருந்தது. அடுத்த வரி, முளை 8. பிறகு 12, 13, 14. ஒரு நிமிடத்துக்குள் முப்பத்தாறும் கேட்டுவிட்டன.

நிலையத்துக்குப் போன் அடித்தான். ஒன்பதாவது மணியில் எடுத்தார்கள்.

"வணக்கம்," என்று மிஸ் ஃபூ மூச்சாலேயே பேசினாள். "மதிய உறக்க நேரம். ஒன்றரைக்கு மேல கூப்பிடுங்க."

"மிஸ் ஃபூ! முப்பத்தாறு விண்ணப்பம்! மலை இறங்குதும்மா! ஒரே ஒரு முத்திரை, நீங்களாவது வையுங்க!"

"என்கிட்ட முத்திரை இல்லை சார். நான் தூங்காம இருக்கிறதே போன் எடுக்கத்தான்."

"யாரையாவது எழுப்புங்க!"

அந்தப் பக்கம் எழுபது பேர் மூச்சு விடுவது கேட்டது.

"இங்க யாரும் யாரையும் எழுப்பறதில்லை சார்," என்றாள். "எனக்கே பயமாத்தான் இருக்கு." போன் வைக்கப்பட்டது.

அக்காவுக்கு அடித்தான். எடுத்ததுமே சத்தம்தான் கேட்டது. ரயில் வருவதுபோல். ஹேய்கெங்கில் ரயில் கிடையாது.

சரிந்த மண் முதல் வீட்டுக்கு எண்பது மீட்டர் மேலே வந்து நின்றது. யாரும் சாகவில்லை. சத்தத்தைக் கேட்டே எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருந்தார்கள். அக்காவின் இஞ்சிக் காட்டில் பாதி போயிற்று. முப்பத்தாறு முளையும் மண்ணுக்குள் போயின. சங்கு வாயைத் திறக்கவில்லை.

மாவட்டத்திலிருந்து வந்த மண்ணியல்காரர் மலையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "இது பாதிதான் வந்திருக்கு," என்றார். "மீதி, கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. புது முளை அடிக்கச் சொல்லுங்க. அடுத்த பெருமழைக்குச் சங்கு ஊதினா யோசிக்காம ஓடிடுங்க." மழை விட்டதும் சனங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பினார்கள். மிச்சமிருக்கிற இஞ்சியைத் தோண்டியாக வேண்டுமே.

*

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை பத்து மணி. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது.

ஹேய்கெங் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடியது. ஒன்பதாவது வீட்டுக் கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்கூடத்தில் நின்று மலையைப் பார்த்தார்கள். மலை பேசாமல் நின்றது.

மறுநாள் பத்து மணிக்கு மறுபடி ஊதியது. மூன்றாம் நாளும்.

வென்துங்கின் திரையில் விளக்கம் இருந்தது. 'முளை 7-இன் விழிப்பு அனுமதிக்கப்பட்டது. முளை 8-இன் விழிப்பு அனுமதிக்கப்பட்டது.' ஜூலை பத்தொன்பதாம் தேதி விண்ணப்பங்கள் மூன்று மேஜையையும் தாண்டி, நாளைக்கு ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

இந்த முறை அவன் ஷூவைக் கழற்றாமலே இயக்குநர் அறைக்குள் போனான்.

"நிறுத்துங்க ஐயா. முளைங்களே இல்லை. எல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு."

"தெரியும். பரிபூரண உறக்கம். அதுக்குத் தனியா பாராட்டுக் கடிதம் தயாராகுது." லியாவ் தலையணையைச் சரிசெய்தார். "ஆனா வந்த விண்ணப்பத்தை நாங்க எப்படி விடமுடியும்? பன்னிரண்டு வருஷத்துல ஒரு விண்ணப்பத்தைக்கூட நாங்க கிடப்புல போட்டதில்லை, ஒண்ணைக்கூட நிராகரிச்சதும் இல்லை. கேட்டவங்களுக்குக் கிடைக்கும். அதுதான் எங்க பேரு."

"நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"விண்ணப்பிச்சது நீங்க இல்லையே, முளைங்கதானே? அதுங்க வந்து கையெழுத்துப் போடட்டும்."

"ஐயா, தினமும் சும்மா ஊதினா, புது முளை அடிச்சு நிஜமா ஊதும்போது யாரும் ஓட மாட்டாங்க. என் அக்கா அங்க இருக்கா."

இயக்குநர் கனிவோடு அவன் தோளைத் தட்டினார். தட்டியது கேட்கவே இல்லை.

"அப்ப, ஊதாததுக்கும் குறை சொல்றீங்க, ஊதறதுக்கும் குறை சொல்றீங்க. நீங்க நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு, கோ இன்ஜினியர்?"

எட்டாம் நாள் பாதிப் பேர்தான் ஓடினார்கள். பதினோராம் நாள் சங்கு ஊதினால் அத்தான் ஆஹோங் தேநீருக்கு வெந்நீர் வைத்தார். "கடிகாரத்தைவிட இது கரெக்ட்டுப்பா," என்றார். "பேட்டரி மாத்த வேண்டாம் பாரு."

பதின்மூன்றாம் நாள் வென்துங் மலை ஏறினான். கையில் ஒரே ஒரு முளை. உள்ளே தளம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, தூக்கமும் கிடையாது. மண் நகர்ந்தால் ஒரு சுவிட்ச் மூடும், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வந்து சங்கின் முதுகில் நேராகச் சொருகினான். பிடிபட்டால் லைசென்ஸ் போய்விடும். கம்பியை இலையால் மூடிவிட்டு, பதினொரு வீட்டையும் கோயில் முன்னால் கூட்டிச் சொன்னான்:

"தினம் ஒரு தடவை ஊதறது காகிதம். அது இன்னும் இருபத்திமூணு நாள் வரும். ஆனா ஒரே நாள்ல ரெண்டாவது தடவை ஊதினா அது காகிதம் இல்லை. மலை. போட்டது போட்டபடி ஓடிடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார்கள். ரொம்ப எளிதான கணக்கு. ஒன்று என்றால் தேநீர். இரண்டு என்றால் ஓட்டம்.

*

மறுநாளே அந்த வருடத்தின் பெரும்புயல் வந்தது. முந்தின மாலையே அறிவிப்பு: நாந்தோவுக்குப் புயல் விடுமுறை; ஆபீஸ், பள்ளி எல்லாம் மூடல். சின்ச்சூவுக்கு விடுமுறை இல்லை. சின்ச்சூ ஊரே மேயரைத் திட்டிக்கொண்டு குடையோடு வேலைக்குக் கிளம்பியது.

காலை எட்டே முக்காலுக்கு வென்துங்கின் போன் அடித்தது. இயக்குநர் லியாவ். குரலில் உற்சாகம்.

"கோ இன்ஜினியர், உங்களுக்கு ஒரு நல்ல சேதி! விடுமுறை கிடைக்காம எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு வந்திருக்காங்க. சும்மா உக்கார்றதுக்குப் பதிலா ஒரு சிறப்பு முகாம் போடலாம்னு சொல்லிட்டேன். உங்க ஊர் பாதிக்கப்பட்ட ஊராச்சே. பாக்கி இருபத்தி மூணையும் இன்னிக்கே முடிச்சுக் கொடுத்துடறோம்!"

வென்துங் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"வேண்டாம். ஐயா, இன்னிக்கு வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நேத்தி மாதிரி ஒண்ணே ஒண்ணு போதும்."

"சம்பிரதாயம் எல்லாம் எதுக்கு? கடமைதானே." போன் வைக்கப்பட்டுவிட்டது.

சங்கை அணைக்கச் சொல்லி மாவட்ட அலுவலகத்துக்கு அடித்தான். 'இன்று புயல் விடுமுறை. பாதுகாப்பாக வீட்டிலேயே இருங்கள்,' என்றது ஒரு பெண்குரல். பதினான்கு முறை அடித்தான். பதினான்கு முறையும் அதே அக்கறையோடு சொன்னது. காரை எடுக்கலாமென்றால் மலைப் பாதையை விடியற்காலையிலேயே மூடிவிட்டார்கள். அக்காவின் போன் கிடைக்கவில்லை.

ஒன்பது பத்துக்கு முதல் அனுமதி. ஒன்பது இருபத்திரண்டுக்கு இரண்டாவது.

ஒன்பது இருபத்திரண்டுக்கு ஹேய்கெங்கில் பதினொரு வீட்டுக்காரர்களும், சொன்ன சொல் தவறாமல், கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். கிழவர் முதுகில். கோழிகள் கூடையில். நனைந்துபோய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

மூன்றாவது ஊதியது. நாலாவது. ஐந்தாவது ஊதும்போது யாரோ சிரித்தார்கள். ஏழாவதற்குப் பிறகுதான் வென்துங்குக்கு அக்கா கிடைத்தாள்.

"அக்கா, அங்கேயே இருங்க! இதெல்லாம் காகிதம்தான், ஆனாலும் மேல போகாதீங்க. இன்னும் பதினாறு வரும். எது நிஜம்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நான் இருக்கேன்டா. யார் கேக்கறாங்க? கிழவரைத் தூக்கினவன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உன்னைத் திட்டறான். உங்க அத்தான்தான் முதல் ஆளா மேல ஏறிட்டாரு. தோண்டி வச்ச இஞ்சி நனையுதாம்."

"நீ போகாதே."

"அவர் அங்க இருக்கும்போது நான் மட்டும் இங்க உக்காந்து என்ன பண்றது?" காற்று அவள் குரலைக் கிழித்தது. "வீட்டுக்குப் போயிட்டுக் கூப்பிடறேன். நீ எண்ணிக்கிட்டே இரு."

அவன் எண்ணினான். பதினொன்று. பன்னிரண்டு. திரையில் ஒவ்வொரு அனுமதி விழும்போதும், நூற்றிருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சங்கு, மழைக்குள் வாயைப் பிளந்தது. பதினேழாவது பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு விழுந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை. நிலையம் தூங்கப் போய்விட்டது.

அந்த ஒரு மணி நேரம் அவன் தாய்வானின் எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

ஒன்று முப்பத்திரண்டுக்குப் பதினெட்டாவது விழுந்தது. முகாம் சுறுசுறுப்பாக நடந்தது. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்றாவது ஊதும்போது அக்கா கூப்பிட்டாள். அதன்பின் இருவரும் போனை வைக்கவில்லை. திரையில் எழுத்து தோன்றும்; சில நொடி கழித்துப் போனில் சங்கு ஊதும். அத்தான் ஒவ்வொரு தடவையும் சங்கைப் போலவே ஊளையிட்டுக் காட்டினார். அடுத்த வீட்டுக்காரர்கள் சிரிப்பது கேட்டது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

"ஓடையில தண்ணி நின்னுபோச்சுடா," என்றாள் அக்கா திடீரென்று. "இந்த மழையில எப்படி நிக்கும்?"

வென்துங் பதில் சொல்வதற்குள் மற்றொரு இணைப்பில் லியாவ் வந்தார். "இருபத்திமூணும் முடிஞ்சது, கோ இன்ஜினியர்! முத்திரை மை காயலை இன்னும். ஒரு பாக்கி இல்லை. நிம்மதியாத் தூங்குங்க."

திரையில்: 'காத்திருக்கும் விண்ணப்பங்கள்: 0.'

போனில் சங்கு ஊதி, இழுத்து, தேய்ந்து, நின்றது.

"இருபத்திமூணு," என்றாள் அக்கா. "அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். அக்கா, தண்ணி நின்னுபோச்சுன்னா மேல மண்ணு சரிஞ்சு அடைச்சிருக்கு..."

"அப்பாடா. காது ரெண்டும்..."

அவள் முடிக்கவில்லை. சங்கு ஊதத் தொடங்கியது.

வென்துங் திரையைப் பார்த்தான். பூஜ்யம். பூஜ்யமாகவே இருந்தது.

"தம்பி," என்றாள் அக்கா மெல்ல. "நீ சரியாத்தானே எண்ணினே?"

"ஓடுக்கா. எல்லாரையும் இழுத்துக்கிட்டு ஓடு!"

நாற்காலி விழுகிற சத்தம். அக்கா கத்துவது கேட்டது. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கத்தினாள். சங்கு நிற்காமல் ஊதியது. அதற்கு மேலே சிரிப்பு கேட்டது. பிறகு அத்தானின் குரல், வாய் நிறையச் சோறோடு, சாவகாசமாக:

"ஒண்ணு எண்ண விட்டுப்போயிருக்கும். சூப்பு ஆறுது, வந்து உக்காரு."